மெரூன் சேலைக்குப் பிறகு

2020 மார்ச் 20, வெள்ளி

ஆறு மணிக்கு ஊரடங்கு. ஹோட்டலில் மத்தியானமே எல்லோரையும் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கிழமையாம். வரவேற்பறையில் ஒரு ஜெர்மன்காரக் கிழவனும் கிழவியும் மட்டும் பெட்டிகளோடு வான் வரும்வரை காத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் சிரித்து வழியனுப்பினேன். அந்த அம்மா கை கொடுக்க வந்து, ஏதோ நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

சலவைப் பகுதியையும் மூடிவிட்டதால் யூனிஃபோர்ம் சேலைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்க்கச் சொன்னார்கள். எல்லாம் ஒரே மெரூன், ஒரே தங்கக் கரை. த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வந்து சேர்ந்தேன். ஜம்பட்டா வீதியில் பேக்கரி வாசலில் பாணுக்குச் சண்டை.

என் கணவர் ரொனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அவருக்கு லீவு இல்லை. ஹாபரை மூட மாட்டார்களாம். "நான் கிரேனுக்கு மேல தனியா இருக்கிறன், கொரோனா என்ன ஏணியில ஏறியா வரப்போகுது?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 31

எழும்பினேன். சமைத்தேன். படுத்தேன்.

ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு

பூசை டிவியில். "டிவியெண்டாலும் கோவிலுக்குப் போற மாதிரி உடுத்துவம், மம்மி" என்றாள் ஷாமிலா. பத்தொன்பது வயது. கம்பஸ் கிடைத்தும் போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள். அவளுடைய ஆசைக்காக அலுமாரியைத் திறந்தேன்.

மெரூன் சேலைகள். கோவிலுக்குக் கட்டுகிற இரண்டு சேலை. அதுவும் மெரூன் பிளவுசுக்குப் பொருந்தவேண்டும் என்று எடுத்தவை. வீட்டுக்குப் போடுகிற சோட்டிகள். அவ்வளவுதான்.

"உங்களுக்கு எந்தக் கலர் மம்மி விருப்பம்?" பின்னால் நின்று கேட்டாள்.

நாற்பத்தாறு வயதில் இதற்கு ஒரு பதில் இருக்கவேண்டுமல்லவா? விருந்தாளிகளுக்கு எந்த அறை பிடிக்கும், எந்தத் தலையணை பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சோட்டியோடுதான் பூசை பார்த்தேன்.

ஏப்ரல் 21

வாசலில் மெழுகுதிரி ஏற்றினோம். ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு. போன உயிர்ப்பு ஞாயிறு கோவில்களில் குண்டு வெடித்து ஒரு வருடம்.

மே 17

தலையில் வகிட்டுக்கு இரண்டு பக்கமும் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை. அதற்குக் கீழே இடுப்பு வரை கறுப்பு. முப்பத்திரண்டு வயதிலிருந்து டை போடுகிறேன். ஹோட்டல் வரவேற்பில், முன்மேசையில் நிற்பவர்களுக்கு நரை தெரியக்கூடாது, கொண்டை காதுக்குக் கீழே இறங்கக்கூடாது, பொட்டுத் தோடு தவிர வேறு போடக்கூடாது. இதெல்லாம் எனக்குக் கட்டளை மாதிரித் தோன்றியதே இல்லை. பல்லுத் தீட்டுகிற மாதிரி.

டை முடிந்துவிட்டது. பாமசியில் கேட்கச் சொன்னால் ரொனி பனடோல் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார். வெட்கமாம்.

வெள்ளை முடி தொட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் முரடு. இது எப்போது இப்படி ஆனது? என் தலையில் நடந்தது எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

ஜூலை 8

ஹோட்டலில் இருந்து ஃபோன். பேசிய பெண்ணின் குரல் புதிது. மிகவும் மரியாதையாகப் பேசினாள். முன்மேசையில் ஆள் குறைக்கிறார்களாம். நானாக விலகினால் நல்லதாம். யூனிஃபோர்மை இந்தக் கிழமைக்குள் ஒப்படைக்கவேண்டுமாம்.

"சரி மிஸ், தாங்க்யூ மிஸ்" என்றேன். தாங்க்யூ ஏன் சொன்னேன்? இருபது வருடத்துக்கு மேலாக வாயில் ஊறிப்போன சொல். அடிச்சாலும் தாங்க்யூ எண்டுதான் சொல்லுவன் போல.

ஜூலை 10

சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்வாசலால் விடவில்லை. பின்கேற்றில் காவலுக்கு நிற்கிற சிறில்தான் வாங்கினார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தெரிந்த மனிதர். மாஸ்க்குக்கு மேலே கண் கலங்கியிருந்தது. "அனே மிஸ்," என்றார், ஐயோ பாவம் என்கிற மாதிரி. சேலைப் பையை மேசையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் போட்டிருந்தது ரொனியின் பழைய வெள்ளைச் சேர்ட்டும் பாவாடையும். வேறு எதையும் போட மனமில்லை. திரும்பி வரும்போது காலிமுகத் திடலில் இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று சேர்ட்டுக்குள் புகுந்து ஊதியது. சேலை கட்டின நாட்களில் காற்று என்றால் முந்தானையைப் பிடிக்கவேண்டும், கொசுவத்தைப் பிடிக்கவேண்டும். இன்று பிடிக்க ஒன்றுமில்லை. கை இரண்டும் சும்மா தொங்கின.

அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. பசித்தது. இறால் வைத்த இஸ்ஸோ வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 19

வெட்டிவிட்டேன்.

பின் ஒழுங்கையில் ஷிம்னா சலூன் வைத்திருக்கிறாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. டை போடத்தான் போனேன். கதிரையில் உட்கார்ந்ததும், "கறுப்பெல்லாத்தையும் எடுத்துடு, வெள்ளை மட்டும் இருக்கட்டும்" என்று என் வாய் சொன்னது.

"அக்கா, கறுப்ப எடுத்தா இவ்வளவுதான் மிஞ்சும்," விரலால் காட்டினாள். "பொறகு ஏச மாட்டீங்களே? வூட்டுல கேட்டீங்களா?"

"இல்ல."

"யோசிச்சிட்டு நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கெண்டா வர மாட்டன், பிள்ளை."

அவள் பின்னலை அடியோடு பிடித்து வெட்டினாள். தலை தானாக மேலே எழும்பியது. உண்மையாகவே எழும்பியது. அவ்வளவு பாரத்தையா சுமந்துகொண்டிருந்தேன்?

ரொனி மாலை வேலை முடிந்து வந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "யார் வேணும் உங்களுக்கு?" என்றார். திரும்பினேன். கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியோடு அப்படியே நின்றார்.

"என்ன பேர்னி இது? நோய் வந்த வருத்தக்காரி மாதிரி."

உள்ளே போய்விட்டார். சாப்பிடவில்லை.

ஜூலை 27

ஒரு கிழமையாகிறது. "தேத்தண்ணி", "சாவி", "கரண்ட் பில்". இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இன்று ஒருமாதிரி வாயைத் திறந்தார்.

"கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க வரேக்க, நீ திரும்பி உள்ள போனாய். அந்தப் பின்னலைப் பாத்துத்தான் நான் ஓம் சொன்னனான்."

"இவ்வளவு நாளும் அதோடயா குடும்பம் நடத்தினீங்க?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக்கூடாது. அவருடைய முகம் விழுந்துவிட்டது. அவர் கொடுமைக்காரர் இல்லை. தன்னுடைய பொருள் ஒன்றைத் தன்னிடம் கேட்காமல் யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது அவருக்கு. ஆனால் அது என்னுடைய தலை அல்லவா?

அக்டோபர் 13

வெள்ளவத்தையில் ஒரு கொம்பனிக்கு முன்மேசைக்கு ஆள் தேவை என்று போனேன். என் அனுபவத்தைப் பார்த்து, நேர்முகம் எடுத்த பொடியனுக்கு நல்ல சந்தோஷம். முகத்தைப் பார்த்ததும் குறைந்துவிட்டது. சுற்றி வளைத்துக் கடைசியில், "மடம், தலைக்குக் கொஞ்சம் கலர் பண்ணினீங்க எண்டா... கஸ்டமர்ஸ் முதல்ல காணுறது உங்களைத்தானே" என்றான்.

வரும் வழியில் டை வாங்கினேன். வேலை வேண்டும். ஷாமிலா படிக்கவேண்டும். பெருமை பேசி என்ன பிரயோசனம்?

கிண்ணத்தில் கலக்கினேன். அந்த மணம். குசினிப் பக்கம் வந்த ரொனி பெட்டியைக் கண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். "போடப்போறியா? நான் பின்னால பூசி விடட்டா?" என்றார்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. எல்லோருக்கும் பிடித்த ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பொடியனுக்கும், ஹோட்டலுக்கும், இவருக்கும். அவளை எனக்கும் நன்றாகத் தெரியும். அவளுக்கு எந்த நேரமும் கால் நோகும். சிரித்துச் சிரித்துத் தாடை நோகும். அது யாருக்கும் தெரியாது.

கிண்ணத்தைக் கழுவி ஊற்றினேன். ரொனி வெளியே போனார். தொட்டியில் கறுப்புக் கறை. தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 22

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பவும் ஊரடங்கு. முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம். ஒழுங்கை வாயில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். ஹெந்தளையில் இருக்கிற தங்கச்சி றோஸி ஃபோன் எடுத்தாள். "உங்கட பக்கத்தால வாற ஆக்களைக் கண்டாலே இஞ்ச ஓடுதுகள், அக்கா" என்றாள். பகிடியாகத்தான்.

நவம்பர் 15

மழை. மூன்று பேரும் ஒரே அறையில் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு.

2021 ஜனவரி 18

வேலை கிடைத்துவிட்டது. வெள்ளவத்தையில், காலி வீதிக்குச் சற்று உள்ளே, பிசிஆர் எடுக்கிற ஒரு தனியார் இடம். வருகிறவர்களைப் பதிந்து வரிசையில் விடவேண்டும். மூன்று மொழியும் தெரிந்த ஆள் வேண்டுமாம். தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? உச்சியிலிருந்து பாதம் வரை வெள்ளை அங்கி, இரட்டை மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடி மறைப்பு.

மாதிரி எடுக்கிற தம்பி கிஷாந்த், "உள்ள போனா யார் யாரெண்டு தெரியாது, ஆன்ரி" என்று மாக்கர் பேனையால் என் அங்கியின் நெஞ்சில் பெயரை எழுதிவிட்டான். பேர்ணடெற். தமிழில். ஹோட்டலில் சேலையில் குத்துகிற பெயர்ப்பட்டையில் "பேர்னி" என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது. வெள்ளைக்காரர் சொல்ல லேசு என்று அவர்கள் சுருக்கி வைத்தது, வீட்டிலும் அதுவே பழகிவிட்டது.

ரொனி பயப்படுகிறார். "வேற வேலையே கிடைக்கேல்லையா?" கிடைக்கவில்லை என்றேன். பொய்யில்லை.

பெப்ரவரி 2

ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து இருக்கும். பதற்றத்தில் அடையாள அட்டையைக் கீழே போட்டுவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்துச் சிரித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நீங்க ஏசுறீங்களா?"

"இல்லையம்மா, சிரிக்கிறன்."

"தெரியேல்ல மிஸ்."

எத்தனை வருடச் சிரிப்பு! இங்கே செல்லாது. அதனால் சொன்னேன்: "பயப்பட வேணாம். மூக்குக்குள்ள கொஞ்சம் எரியும், கண்ணால தண்ணி வரும், அவ்வளவுதான். நான் இதிலதான் நிக்கிறன்." அவள் வரிசையில் போய் நின்றாள். முறை வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

இப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று தெரியாது. ஹோட்டல் குரல் இல்லை. கொட்டாஞ்சேனைக் குரல்.

மார்ச் 14

அங்கிக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. பாவாடை காலில் ஒட்டுகிறது. துணி வெட்டி விற்கிற கடைக்கு மத்தியானம் போனேன். தொளதொளவென்று பருத்தியில் ஒரு காற்சட்டை தைக்கவேண்டும், அவ்வளவுதான் எண்ணம். கறுப்பு எடுத்தேன். காசு கொடுக்கும்போது பக்கத்து அடுக்கில் மாம்பழ நிறத் துணி ஒன்று. நல்ல பழுத்த மாம்பழம்.

எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைத் தலை. அதன் கீழே அந்த மஞ்சள். யாரோ ஒருத்தி. ஆனால் தெரிந்தவள் மாதிரி.

நெஞ்சு அடித்தது. துணிக்காக யாருக்காவது நெஞ்சு அடிக்குமா?

மார்ச் 28

அந்த மாம்பழத் துணி போன கிழமையே சேர்ட்டாகி வந்துவிட்டது. தையல்காரரிடம் கொலர் பெரிதாக, இரண்டு பக்கமும் பொக்கெட் ஆழமாக வேண்டும் என்றேன். "லேடீஸுக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். பெரிய வெள்ளித் தோடு ஷிம்னா தந்தாள். அவள் போடாமல் வைத்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வேலையில் இதை யாருமே காண்பதில்லை. காலையில் பஸ் இறங்கி நடக்கிற அந்தச் சின்னத் தூரம். மாலையில் திரும்புகிற தூரம். மற்ற நேரமெல்லாம் அங்கி. ஆனாலும் அங்கிக்குள் மாம்பழ நிறம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தெரியும்.

கோவிலுக்கும் அதோடுதான் போனேன். பூசை முடிந்து றோஸி ஃபோன். அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். "என்னக்கா, ஆம்பிள மாதிரி சேர்ட்டும் கழிசானுமாம்? இந்த வயசில?" ஷாமிலாகூட, ஸ்டைல் ஸ்டைல் என்று என்னைத் தூண்டிவிட்டவளே, "நல்லாத்தான் இருக்கு, மம்மி. ஆனா தோடு கொஞ்சம் ஓவர்" என்று கூட வராமல் ஓரடி பின்னால் நடந்தாள்.

பூசைக்கு உள்ளே போகமுதல் தோட்டைக் கழற்றிவிட்டு, முடிந்த பிறகுதான் திரும்பவும் போட்டேன். கோவிலுக்கு வெளியே. எனக்கு அவ்வளவு தைரியம் எல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 11

எங்கள் இடத்தில் வரிசை காலி வீதி வரை போகிறது. இருமல் சத்தம். அங்கி போதவில்லை. உட்கார நேரமில்லை.

ஆகஸ்ட் 16

ரொனிக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 17

கிஷாந்த்தான் மாதிரி எடுத்தான். பொசிட்டிவ். எனக்கும் ஷாமிலாவுக்கும் இல்லை.

நான்தான் கொண்டுவந்தனோ? அங்கியைக் கழட்டிற நேரம் கை பட்டுதோ? "ஹாபரிலயும் பத்துப் பேருக்கு வந்திருக்கு, பேர்னி, நீ இல்ல" என்கிறார். மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லுகிறார். எனக்காகச் சொல்லுறாரோ, உண்மையோ. கர்த்தரே, எனக்குத் தெரியேல்ல.

ஆகஸ்ட் 19

அம்புலன்ஸ் வந்தது. ஒழுங்கையில் எல்லா ஜன்னலும் திறந்து மூடின. அவர் தானாக நடந்து ஏறினார். ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஏலாமல்தான்.

ஆகஸ்ட் 24

நாடு முழுக்க மூடியாகிவிட்டது. எனக்குப் பாஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி கேற்றில் உடுக்கச் சாரம், துவாய், பிஸ்கட் பையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் உள்ளே கொண்டுபோவார்கள். பார்க்க விடமாட்டார்கள். கேற்றடியில் ஒரே சனம். எல்லோரும் மாஸ்க்கோடு மேலே பார்த்துக்கொண்டு. எந்த ஜன்னல் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

ஃபோன் எடுக்கிறார் இல்லை. ஒக்சிஜன் வைத்திருப்பதாக நேர்ஸ் சொன்னாள்.

ஆகஸ்ட் 27

இன்று அவரே எடுத்தார்.

நான் கேற்றடியில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரம். ஃபோன் அடித்தது. சத்தம் மெல்லிசாக, இழுத்து இழுத்து.

"போகாத. நில்லு."

"எங்க நிக்கிறீங்க ரொனி? எந்தப் பக்கம்?"

"மேல. மூண்டாவது மாடி. நீ தேடாத, நான் பாக்கிறன்." மூச்சு வாங்கினார். "இஞ்ச உள்ள எல்லாம் வெள்ளை. வாறவன் போறவன் எல்லாம் ஒரே மாதிரி. யார் டொக்டர், யார் கூட்டுறவன் எண்டு தெரியாது. கேற்றடியிலயும் சனம்... மேலயிருந்து பாத்தா எல்லாம் ஒண்டுதான், கிரேனில இருந்து பாக்கிற மாதிரி. உன்னை மட்டும் உடன தெரிஞ்சது. அந்த மஞ்சளும், அந்த மண்டையும்."

நான் மேலே பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"தூரத்தில இருந்து பாக்க," என்றார். இருமிவிட்டு மூச்சை இழுத்தார். "நல்லா இருக்கு பேர்னி."

வீதியோரமாக நின்று அழுதேன். மாஸ்க் நனைந்து மூச்சு விட முடியவில்லை. இன்னொரு மாஸ்க் பொக்கெட்டில் இருந்தது.

செப்டம்பர் 9

வந்துவிட்டார். பத்தடி நடந்தால் உட்காருகிறார். ஷாமிலா கதிரையோடு பின்னாலேயே திரிகிறாள். நான் வந்ததும் பார்த்தார், சிரித்தார். கையை எட்டி என் தலையைத் தடவினார். "முரடு," என்றார்.

"ஓம்."

"பிறஷ் மாதிரி."

கையை எடுக்கவில்லை.

நவம்பர் 21

கிரேனில் ஏற இனி விடமாட்டார்களாம். நெஞ்சு அவ்வளவு பலமில்லை என்று டொக்டர் எழுதிவிட்டார். கீழே ஒஃபிஸில் ஒரு கதிரை. ரொனி வந்து, மேலே ஏறப் போடுகிற சப்பாத்தைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாரும் கதைக்கக்கூடாது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"இனி ஆர் நான்?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கப் பார்த்தார், சரிவரவில்லை.

"பொறுத்துத்தான் பாக்கவேணும்," என்றேன்.

டிசம்பர் 12

வேலை முடிகிற நேரம் ரொனி வெள்ளவத்தைக்கு வந்து நின்றார். தனியாக, பஸ்ஸில். நத்தாருக்கு எனக்குத் துணி எடுத்துத் தரப்போகிறாராம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவர் எனக்குத் துணி தெரிந்தெடுத்ததே இல்லை.

கடைக்குள் நேராகப் போனார். கடைக்காரப் பொடியனிடம் "மல்லி, அற எக்க பென்னண்ட" என்று, அதைக் காட்டச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டு, மேல் தட்டைக் காட்டினார். எடுத்து விரித்தால், கத்தரிப்பூ நிறத்தில் பெரிய பெரிய பூக்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு. நடுவில் வெள்ளி மினுக்கம் வேறு.

"எப்பிடி?" முகமெல்லாம் சிரிப்பு.

முந்தியென்றால் நல்லா இருக்கு என்று சொல்லித் தைத்துப் போட்டிருப்பேன்.

"எனக்குப் பிடிக்கேல்ல, ரொனி."

"பிடிக்கேல்லையா?"

"இல்ல. துப்புரவாப் பிடிக்கேல்ல."

என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கோபமில்லை. துணியை மெல்ல எடுத்துத் தன்னுடைய தோளில் போட்டார். வேலைக்குக் காக்கி, கோவிலுக்கு வெள்ளை, அதைத் தவிர வேறொன்றும் உடுத்தாத மனிதர். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பக்கம் திரும்பினார். மறுபக்கம் திரும்பினார். கடைக்காரப் பொடியன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப இது எனக்கு," என்றார்.

டிசம்பர் 25

நத்தார் காலைப் பூசை. கோவிலில் ஒரு வாங்கில் இரண்டு பேர், இடைவெளி விட்டு. எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப்பிள்ளை தகப்பனின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, பிரசங்கம் முடியும்வரை ரொனியின் சேர்ட்டில் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் ஷாமிலா, "டாடி, கொஞ்சம் முன்னுக்கு நடங்கோ, நான் பின்னால வாறன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் முன்னுக்கு நடந்தார். மெல்லத்தான், இடைக்கிடை மூச்சுக்கு நின்று நின்று. ஆனால் நிமிர்ந்து.